ஓடுகிற கொம்பன்

ரிஹாப் கேட்டதெல்லாம் ஒரே ஒரு பக்கம். புத்தகத்தில் மிச்சமிருந்ததும் அந்த ஒரு பக்கம்தான்.

நாலு சிநேகிதர்கள் சேர்ந்து உருவாக்குகிற புத்தகம் அது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷம் கட்டி, பகடை உருட்டி, வாயாலேயே காடு மலை தாண்டுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறதே, அதற்கு எகிப்து மண்ணில் என்றோ அழிந்துபோன மிருகங்களை எதிரிகளாகக் கொண்டுவருகிற புத்தகம். கால் முளைத்த திமிங்கிலம் உள்ளே வந்தாயிற்று. படகு நீள முதலை வந்தாயிற்று. முதுகில் பாய்மரம் விரித்த டைனோசருக்கு இரண்டு பக்கம். எல்லாம் பல்லும் நகமுமாக அலைகிற ஜாதி. ரிஹாப் கொண்டுவந்ததோ இலை தின்கிற ஒன்று.

"நாம ராட்சசன் கேட்டா இவ மாட்ட ஓட்டிட்டு வந்திருக்கா பாரு," என்றான் ஷாதி. பாலம் கட்டுகிற இஞ்சினியர். விளையாட்டின் விதிகளை எழுதியவன் அவன்தான் என்பதால் எது உள்ளே, எது வெளியே என்பதும் அவன் கையில்.

"மாடு இல்லப்பா. யானைக்குப் பங்காளி. காண்டாமிருகம் சைஸு. மூக்குக்கு மேல ரெண்டு கொம்பு, ஒவ்வொண்ணும் உன் தொடை தண்டி."

"சரி, கொம்பு இருக்கு. அப்புறம் ஏன் ஓடுது?"

ரிஹாப் எழுதியிருந்த வரியைத்தான் சொன்னான். 'பாதி உயிர் போனதும் திரும்பி ஓடும்.' அவர்கள் புத்தகத்தில் எந்த மிருகமும் ஓடாது. கடைசிச் சொட்டு ரத்தம் வரை நின்று சண்டை போட்டுச் சாகும்.

"அந்த ஒரு வரிய அடி, இப்பவே பக்கம் உனக்கு," என்றான் ஷாதி.

ரிஹாபுக்குச் சுருக்கென்றது. மன்சூரா பல்கலைக்கழகத்தில் எலும்பு சுத்தம் செய்கிற வேலை அவளுக்கு. ஃபாயூம் பாலைவனத்திலிருந்து வந்த இந்தக் கொம்பனின் தாடையை ஊசியும் பிரஷ்ஷுமாக மண் நீக்கியே கண் பூத்துப் போனவள். ஆராய்ச்சிக் கட்டுரையில் அது எலும்பாகத்தான் கிடக்கும். இந்த மேசை மேல்தான் அது எழுந்து நடக்க முடியும். அங்கேயும் அதை அடிமாடாக நிறுத்தி வைக்க வேண்டுமாம்! உயிருக்குப் பயப்படாத மிருகம் உலகத்தில் எங்கேயாவது உண்டா?

"ஆடிப் பாத்துட்டுச் சொல்லு," என்றாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கிர்கிஸ் வீட்டு ஹாலில் கூடினார்கள். பல் டாக்டர் கிர்கிஸுக்கு விளையாட்டில் தலை முதல் கால் வரை இரும்புக் கவசம் போட்ட வீரன் வேஷம். பள்ளிக்கூட டீச்சர் பஸந்துக்கு வில்காரி. ஷாதிக்கு ஈட்டிக்காரன். மூன்று பேருமே காலேஜ் நாளிலிருந்து விளையாட்டில் அதே ஆட்களாகவே ஆடி, அவர்களை வளர்த்துக்கொண்டு வருகிறவர்கள். ஆட்டத்தை நடத்துவது ரிஹாப். ஈரல் சாண்ட்விச்சை நகர்த்தி வைத்துவிட்டு தன் குறிப்புகளை மறைக்கிற அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

"சதுப்பு நிலம். தண்ணி ஓரமா கொம்பன் நிக்குது. இல தின்னுக்கிட்டிருக்கு."

அது என்ன, ஏது என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே! பாய்ந்தார்கள். கொம்பன் கிர்கிஸின் ஆளைத் தூக்கிப் புதரில் வீசியது. அம்பு தைத்தது, ஈட்டி பாய்ந்தது, பாதி உயிர் போனது.

"திரும்பிடுச்சு. சேத்துக்குள்ள எறங்கி ஓடுது," என்றாள் ரிஹாப்.

மூவரும் விழித்தார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு மிருகம்கூட அவர்களுக்குப் புறமுதுகு காட்டியதில்லை. புள்ளியோ கொன்றால்தான்.

"எங்க ஓடுது எங்க புள்ளி? விடாத, புடி!" என்று கிர்கிஸ் எழுந்தே விட்டான்.

"நிஜமாவே எறங்குறீங்களா?" என்று ரிஹாப் கேட்டாள். ஆட்டம் நடத்துகிறவர் இப்படிக் கேட்டால் விவரம் தெரிந்தவன் அப்படியே நின்றுவிடுவான். கேட்டவர் சும்மா கேட்க மாட்டார். இவர்களுக்கோ வெறி தலைக்கேறியிருந்தது.

கிர்கிஸின் இரும்புக் கவசம் அவனை இடுப்பு வரை இழுத்தது, பிறகு மார்பு வரை. கைகொடுக்கப் போன பஸந்தும் மாட்டிக்கொண்டாள். கரையில் நின்ற ஷாதி கயிறு வீசினான். இருவரும் பிடித்துக்கொண்டார்கள். அக்கரையில் கொம்பன் முதுகைக் காட்டியபடி மூச்சு வாங்கி நின்றது. இன்னும் ஓர் அடி தாங்காது.

"உன் முறை ஷாதி. இழுக்கலாம், இல்ல ஈட்டி எறியலாம். எறியணும்னா கயித்த விட்டாகணும்."

"இதுல யோசிக்க என்னடா இருக்கு? இழு!" என்றான் கிர்கிஸ்.

"ஒரே எறி. விழுந்துட்டா மொத்தப் புள்ளியும் நமக்கு. அடுத்த முறை இழுத்துக்கறேன்."

"அடுத்த முற வரைக்கும் நாங்க இருக்கணுமே!" என்று பஸந்த் கத்தினாள்.

ஷாதி எறிவதாகச் சொல்லிப் பகடையை உருட்டினான். குறி தவற வேண்டும் என்று ரிஹாப் மனசார வேண்டிக்கொண்டாள், நடத்துகிறவள் வேண்டக் கூடாதுதான். இருபது முகப் பகடையில் இருபதே விழுந்தது.

"கொம்பன் விழுந்துடுச்சு," என்றாள். "சேறு மூடிடுச்சு. கிர்கிஸ், பஸந்த், உங்க ரெண்டு பேருக்கும் அவ்வளவுதான்."

மிருகம் விழுந்தால் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்வது அவர்கள் வழக்கம். ஒருவரும் தட்டவில்லை. கிர்கிஸ் தன் வீரனின் விவரம் எழுதிய தாளைக் கவிழ்த்து வைத்தான்.

"ஓடுற மாட்டுக்காக எங்கள விட்டுட்டியேடா பாவி. இழு இழுன்னு கத்துனோமே!"

ஷாதியின் முகம் செத்துப்போயிருந்தது. "ரிஹாப், அந்த எறிய வாபஸ் வாங்கிக்கலாமா?"

"முடியாது," என்றாள். அட்டைக்குப் பின்னால் செத்த மிருகத்துக்காக அவளுக்கு அழுகை முட்டியது. வெட்கக்கேடு.

ஷாதி அவளுடைய பக்கத்தை இழுத்துப் பேனாவைத் திறந்தான். அடிக்கப் போகிறான் என்று ரிஹாப் தடுக்கக் கையை நீட்டினாள். பேனா அந்த வரி மேல் நின்றது, அதைத் தாண்டிக் கீழே போனது.

"ஓடுறது அப்படியே இருக்கட்டும். பக்கம் உனக்கு," என்றான் நிமிராமல். "இங்க, கொன்னா என்ன கிடைக்கும்னு ஒரு எடம் இருக்கே. அதுல என்ன போடுறது?"

பஸந்த் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "இப்ப உனக்கு என்ன கிடைச்சுதோ அதப் போடு," என்றாள்.

புத்தகம் அச்சாகி வந்தபோது அந்த இடம் காலியாக இருந்தது.