நனைத்துக்கொண்டே இருங்கள்

1

இந்தக் கதையை நானாக எழுதவில்லை. எழுதச் சொல்லி என் தங்கை என் உயிரை எடுத்தாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் ஏதாவது குறை தோன்றினால் அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மீன்பிடிப் படகுக்காரர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவள் வேலை. மீனுக்கு விரித்த வலையில் ஆமை, டால்ஃபின், கடற்பறவை என்று அழையாத விருந்தாளிகள் வந்து மாட்டிக்கொள்கின்றன. மாட்டாமல் இருக்க என்ன செய்வது, மாட்டிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பாடம். துறைமுகத்தில் ஐஸ் ஆலையின் மேல்மாடியில் வகுப்பு நடக்கிறது. கீழே ஐஸ் உடைக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கினால் தரையே அதிரும். அது நிற்கும்வரை அவள் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். பிறந்ததிலிருந்து அவளை வாயடைக்க எங்கள் வீட்டில் யாராலும் முடிந்ததில்லை என்பதால் அந்த இயந்திரத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

"ஸ்லைடு போட்டா தூங்கறாங்கக்கா. வீடியோ போட்டா ஃபோனை நோண்டறாங்க. கதைன்னா கேப்பாங்க. ஒரே ஒரு பக்கம். எழுதிக் கொடு."

"என்ன கதை?"

"எங்க மாமாவும் ஆமையும்."

மாமா என்றால் அவளுடைய மாமனார், இழுவைப் படகு ஒன்றின் கேப்டன். ஒரு பக்கம்தானே என்று நானும் தலையாட்டிவிட்டேன். அன்றைக்குப் பிடித்தது சனி.

2

முதல் தொடக்கம்:

கடல் அன்று கண்ணாடி போல அமைதியாக

(தங்கை இதைப் பார்த்துவிட்டு, "அன்னைக்கு நான் குடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுத்தேன். கண்ணாடியாம் கண்ணாடி" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்:

நான் ஓர் ஆமை. என் கண்ணீரை நீங்கள்

(இதை அவள் பார்ப்பதற்குள் நானே கிழித்துப் போட்டேன். எனக்கும் கொஞ்சம் வெட்கம் உண்டு.)

மூன்றாம் தொடக்கம்:

மருமகள் ஆசிரியையாக நின்றாள். மாமனார் மாணவராக உட்கார்ந்திருந்தார்.

இது நிற்கும். இது நடந்ததும்கூட. பயிற்சி முடிக்காதவர்கள் இனிப் படகு எடுக்க முடியாது என்று விதி வந்துவிட்டது. காலமெல்லாம் கடலில் கிடந்த மனிதர், வீட்டில் தனக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பும் மருமகளின் பின்சீட்டிலேயே ஏறி உட்கார்ந்து வகுப்புக்குப் போனார். கடைசி வரிசையில், சுவரோரமாக இடம் பிடித்தார். வீட்டில் அவள் அவரை 'மாமா' என்பாள். வகுப்பில் 'கேப்டன்'. அவரோ வீட்டில் 'அம்மா', வகுப்பில் 'டீச்சர்'. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இரண்டு பேரும் உறவையும் கழற்றி வைத்துவிடுவார்களாம்.

பாடத்தின் முதல் பாதி சுலபம். வலையின் கழுத்தில் ஒரு கம்பிச் சட்டம் வைக்க வேண்டும். மீன் கம்பிகளுக்கு நடுவே புகுந்து, பின்னால் பை போல இருக்கிற மடிக்குள் போய்விடும். ஆமை பெரிய உருவம். கம்பியில் முட்டி, சட்டத்துக்கு மேலே விட்டிருக்கும் வாசல் வழியாக வெளியே போய்விடும். கேப்டன் ஒரே பார்வையில் புரிந்துகொண்டு பக்கத்தில் இருந்தவருக்கும் விளக்கினார்.

இரண்டாம் பாதிக்கு ஒரு பயிற்சி ஆமை இருந்தது. தண்ணீர் டிரம்மின் மூடி, உள்ளே மணல் மூட்டை, நான்கு பக்கமும் மீன் தரம் பிரிக்கிறவர்கள் போடும் ரப்பர் கையுறை. அதற்குக் கேப்டன் 'எழுத்தாளரம்மா' என்று பெயர் வைத்தார். நாள் பூராவும் இருந்த இடத்தை விட்டு அசையாதாம். என்னைத்தான் சொல்கிறார்.*

"வலையில வந்த ஆமை அசையலன்னா, செத்துப்போச்சுன்னு கடல்ல போடக் கூடாது" என்றாள் தங்கை. "தண்ணிக்குள்ள மூச்சடைச்சு மயங்கிக் கிடக்கலாம். அப்படியே போட்டா முழுகிச் செத்துடும். வயிறு கீழ இருக்கற மாதிரியே வைங்க, மல்லாக்கப் புரட்டாதீங்க. பின்பக்கத்தைத் தூக்கி வைங்க, நுரையீரல்ல போன தண்ணி வடியும். நிழல் வேணும். ஓட்டு மேல ஈரத்துணி, மூக்கை மூடாம. காய விடாம நனைச்சுக்கிட்டே இருங்க."

கடைசி வரிசையிலிருந்து கேப்டன் கேட்டார்: "செத்ததையும் மயங்கினதையும் எப்படிப் பிரிச்சுப் பாக்கறது டீச்சர்?"

"பாத்த உடனே முடியாது, கேப்டன். காத்திருந்துதான் தெரியும். சில மணி நேரம். சிலது ஒரு நாள் பூராவும் ஆகும்."

"ஒரு நாளா!" என்று வகுப்பே சிரித்தது. கேப்டன் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் பின்சீட்டில் ஆள் இருக்கிறாரா என்று அவள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தாளாம்.

\* எனக்கு மனவருத்தம் ஏதும் இல்லை. அந்த மூடியின் நிறத்தில்தான் எனக்குக் கொஞ்சம் ஆட்சேபம்.

3

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கேப்டன் இவ்வளவு நல்லவராக இருக்கலாமா? வாசகர்கள் நம்புவார்களா? அவருக்கு ஒரு குடிப்பழக்கம் வைத்து எழுதிப் பார்த்தேன். எப்படியோ செய்தி போய், ஃபோன் வந்தது.

"எழுத்தாளரம்மா, நான் குடிக்கறேனாமே? எந்தக் கடையிலன்னு சொன்னீங்கன்னா நானும் போய்ப் பாப்பேன்."

எடுத்துவிட்டேன். உண்மையான குறைகளையே எழுதுகிறேன்: சீட்டாட்டத்தில் அடுத்தவர் கையை எட்டிப் பார்ப்பார். தோற்றால் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். குறட்டை விட்டால் படகின் இன்ஜின்காரர் இன்ஜினைச் சந்தேகப்படுவார்.

நல்ல குணத்தையும் எழுதியாக வேண்டும். கதையே அதில்தான் இருக்கிறது. அவர் படகில் ஆமை சிக்கினால் யாரும் அதைக் காலால் தள்ளக் கூடாது. கொக்கி போட்டு இழுக்கக் கூடாது. அசையாமல் கிடந்தால், குனிந்து இரண்டு கைகளையும் அடியில் கொடுத்து அவரே தூக்குவார். படகின் ஓரத்துக்குக் கொண்டுபோய், தூங்குகிற குழந்தையைப் பாயில் விடுவதுபோலத் தண்ணீரில் விடுவார். "போயிட்டு வா" என்பார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அப்படித்தான். துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு, 'எப்படி மனுஷன் பாரு' என்று அவரைக் காட்டிச் சொல்வார்கள்.

வகுப்பில் அவர் ஏன் சிரிக்கவில்லை என்பது உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். எனக்கு இந்தப் பத்தியை எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

4

செய்முறைப் பயிற்சிக்குக் கேப்டனின் படகையே எடுத்துக்கொண்டு போனார்கள். (கடல் எப்படி இருந்தது என்று நான் சொல்லப் போவதில்லை.) தங்கை ஓரத்துக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பாடம் நடத்தினாள். வலையை ஏற்றினார்கள். யாரோ எப்போதோ கடலில் விட்டுப்போன கிழிசல் வலை ஒன்று வந்து சட்டத்தின் வாசலை அடைத்திருந்தது. சட்டத்துக்கு முன்னால், வெளியே போக வழியில்லாமல், ஓர் ஆமை கிடந்தது.

தங்கை ஆமையின் கண்ணோரத்தைத் தொட்டுப் பார்த்தாள். வாலைத் தொட்டுப் பார்த்தாள். அசைவில்லை.

"போயிடுச்சு கேப்டன்" என்றார் இன்ஜின்காரர்.

கேப்டன் பழக்க தோஷத்தில் குனிந்துவிட்டார். இரண்டு கைகளும் ஆமைக்கு அடியில் போய்விட்டன. வாயும் திறந்துவிட்டது. அப்போதுதான் மருமகளை நிமிர்ந்து பார்த்தார்.

"அசையலம்மா."

"அசையலன்னா, கேப்டன்?"

வகுப்பில் கேட்கிற கேள்வி. வாய் தானாகக் கேட்டுவிட்டது என்றாள். பதிலும் வகுப்பில் வருவது போலவே வந்தது.

"மயக்கமாவும் இருக்கலாம்."

சொல்லிவிட்டு, கைகளை எடுக்காமல் அப்படியே தளத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ, இத்தனை நாளா நான்"

(இந்தக் கதையில் பாதியில் நிற்கும் மற்ற வாக்கியங்களெல்லாம் என் சோம்பலால் நின்றவை. இது அவருடையது. முடித்துப் பார்த்தேன், பல விதமாக. எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும்.)

தங்கை என்னிடம் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "அது பிழைக்கணும்ங்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே. ஆனா மாமா மூஞ்சியப் பாத்ததும், அது செத்தே போயிருக்கட்டும்னு நினைச்சுட்டேன்க்கா. பிழைச்சுதுன்னா அவரு எப்படித் தாங்குவாரு?"

படகில் அவரை முதல்முறையாக 'மாமா' என்று கூப்பிட்டாள்.

"மாமா, வேணும்னா விட்டுடலாம். நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

பயிற்சியாளர் சொல்லக் கூடாத வார்த்தை. வேலை போனாலும் போயிருக்கும். அதைச் சொன்னதற்காக அவளை எனக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கிறது.

கேப்டன் ஆமைக்கு அடியிலிருந்து கைகளை மெல்ல எடுத்தார். சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். சட்டையை வாளித் தண்ணீரில் முக்கி, ஓட்டின் மேல் விரித்து, மூக்கு வெளியே தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார்.*

"பின்பக்கம் தூக்கணும்ல? அந்த டயரை இங்க தள்ளுங்கப்பா. மேல தார்ப்பாயக் கட்டுங்க, வெயில் அடிக்குது."

"மாமா..."

"இருக்கட்டும்மா. எனக்குத் தெரியணும்."

\* நான் 'நீலச் சட்டை' என்று எழுதியிருந்தேன். படித்துக் காட்டியபோது, "கட்டம் போட்டது" என்று கேப்டன் திருத்தினார். வேறு எதையும் திருத்தவில்லை.

5

முடிவு, அ: வெயில் சாயும் நேரத்தில் கட்டம் போட்ட சட்டை லேசாக உயர்ந்தது. ஆமை தலையைத் தூக்கிப் பெருமூச்சு விட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். கேப்டன்

(கேப்டன் என்ன செய்தார்? கைதட்டினாரா? அவர் கையால் தண்ணீரில் விட்ட ஒவ்வொன்றும் அந்த நேரத்தில் வரிசையாக வந்து நிற்காதா? எனக்கு மேலே எழுத வரவில்லை.)

முடிவு, ஆ: மறுநாள் விடிந்தும் அது அசையவில்லை. கேப்டன் அதைத் தூக்கிக் கடலில் விட்டு

(இது அவருக்கு நிம்மதி. ஆனால் இதைக் கேட்கும் வகுப்பில், 'பாத்தியா, வெட்டி வேலை' என்று ஒருவர் சொல்வார். அடுத்த ஆமையைக் காலால் தள்ளிவிடுவார்கள்.)

உண்மையில் என்ன நடந்தது என்று தங்கையிடம் கேட்டேன். "ஒரு பக்கம் கேட்டேன், நீ என்னையே விசாரணை பண்றியா?" என்று ஃபோனை வைத்துவிட்டாள். கேப்டனிடம் கேட்டேன்.

"நான் சட்டையில்லாம உட்காந்து காத்திருந்தேன், எழுத்தாளரம்மா. நீங்க மட்டும் நாற்காலில உட்காந்துக்கிட்டு உடனே தெரிஞ்சுக்கணுமா?"

அவர் குரலில் சந்தோஷம் இருக்கிறதா, துக்கம் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இரண்டும் இருந்தது போலத் தோன்றியது.

6

கதையை அவள் வகுப்பில் படிக்கும் நாளில் நானும் போனேன். கடைசி வரிசையில் கேப்டன் இருந்தார். பயிற்சி எப்போதோ முடிந்து சான்றிதழும் கைக்கு வந்துவிட்டது. வர வேண்டிய அவசியமே இல்லை. கரையில் இருக்கும் நாட்களில் ஒரு வகுப்பு விடாமல் வருகிறாராம். பக்கத்தில் ஒரு வாளி, ஒரு குவளை. டிரம் மூடி மேல் ஒரு துணி. அது காயக் காய ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அது வெறும் பிளாஸ்டிக்தானே மாமா?" என்றேன்.

"கைக்குப் பழகணும்ல."

தங்கை டயரும் தார்ப்பாயும் வரைக்கும் படித்துவிட்டு நிறுத்தினாள். சரியாக அந்த நேரம் பார்த்துக் கீழே ஐஸ் இயந்திரம் ஓடத் தொடங்கியது. யாரும் பேச முடியாது. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட ஃபோனை எடுக்கவில்லை. இயந்திரம் நின்றதும் முன்வரிசையில் இருந்த மீசைக்காரக் கேப்டன் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"டீச்சர், பிழைச்சுதா இல்லையா? அதச் சொல்லுங்க முதல்ல."

அவள் கடைசி வரிசையைப் பார்த்தாள். எங்கள் கேப்டன் எழுந்து, வாளியையும் குவளையையும் எடுத்துக்கொண்டு போய் மீசைக்காரரிடம் நீட்டினார்.

"தெரியலன்னு வச்சுக்க. இப்ப என்ன பண்ணுவ?"

மீசைக்காரர் குவளையைப் பார்த்தார். மூடியைப் பார்த்தார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் எழுந்து போய், அதன் பக்கத்தில் மண்டியிட்டு ஊற்றத் தொடங்கினார்.

"மூக்குல படாம" என்றார் கேப்டன்.

பிறகு குவளை வரிசையாகக் கை மாறி வந்தது. கடைசியாக என்னிடம் வந்தது. என் பெயர் வைத்த ஆமைக்கு நானே ஊற்றினேன். வாளியில் இன்னும் தண்ணீர் இருக்கிறது. குவளையை வாங்கிக்கொள்ளுங்கள், துணி காய்கிறது.