காலை ஏழு பத்துக்கு ஒரு படம்

தினமும் ஒரு படம் எடுக்கும்படி டாக்டரம்மா சொன்னபோது அவன் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு?" என்பதுதான்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்ப எடுங்க. உயிரோட இருக்கிற ஏதாவது ஒண்ணு. பூவோ, பூச்சியோ. வீட்டுக்குப் பின்னால தோட்டம் இருக்குன்னு உங்க வீட்டம்மா சொன்னாங்களே."

"தோணாதுங்க," என்றான். "நேரம் சொல்லிட்டீங்கன்னா எடுத்துடுவேன்."

பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டரம்மா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி வாய்க்கு வந்த ஒரு நேரத்தைச் சொன்னார். ஏழு பத்து. அன்றிலிருந்து அதுவே சட்டமாகிவிட்டது.

பதினாறு வருடமாக அவன் லிஃப்ட் மெக்கானிக். அதில் பன்னிரண்டு வருடம் ஒரே ஆளோடு ஜோடி வேலை. அந்த ஆளுக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் வாத்தியார். எதைத் தொட்டாலும் அதற்கு ஒரு பாடம் எடுப்பார். இரும்புக் கயிறு எங்கே முதலில் தேயும், கதவு எதனால் முனகும், டீயில் சர்க்கரையை எப்போது போட்டால் சரியாகக் கரையும், எல்லாவற்றுக்கும் அவரிடம் விளக்கம் உண்டு. ஏழு வாரங்களுக்கு முன், ஒரு ஏழு மாடிக் கட்டடத்தில், லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தவர் சுவருக்கும் கூண்டுக்கும் நடுவே இருந்த சந்தில் விழுந்து இறந்துபோனார். பக்கத்தில் இருந்தவன் இவன் ஒருவன்தான்.

விசாரணைக்கு ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். "நான் கதவுப் பக்கம் திரும்பியிருந்தேன். பார்க்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். சாவு வீட்டில் சுவரோரமாக நின்றான். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. தட்டு வைத்தால் சாப்பிட்டான், வைக்காவிட்டால் கேட்கவில்லை. வெந்நீரா பச்சைத்தண்ணீரா என்று பார்க்காமல் குளித்துவிட்டு வந்தான். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊசி போட்ட இடம் மரத்துப் போவதைத் தினம் பார்க்கிறவள். ஓர் ஆள் முழுசாக மரத்துப் போவதை வீட்டில்தான் முதன்முதலாகப் பார்த்தாள். அவள் இழுத்துக்கொண்டு வந்ததால்தான் டாக்டரம்மாவிடம் வந்தான்.

தோட்டம் என்பது பெரிய வார்த்தை. அவர்கள் குடியிருந்த கீழ்வீட்டுக்குப் பின்னால், துணி காயப்போடும் கொடிக்கு அடியில் நாலு எட்டு நீளம், மூன்று எட்டு அகலம். ஒரு செம்பருத்தி, ஒரு எலுமிச்சை, இரண்டு ரோஜா, மதிலோரமாகக் கொஞ்சம் சாமந்தி. எல்லாம் மனைவி வைத்தவை. காயப்போட்ட பேண்ட்டை எடுக்கப் போகும்போது காலில் முள் குத்தினால்தான் அங்கே ரோஜா இருப்பது அவனுக்கு ஞாபகம் வரும்.

இப்போது தினமும் ஏழு பத்துக்குப் போனான். லிஃப்ட் சர்வீஸுக்குப் போகிற மாதிரியே இடதுபக்கம் தொடங்கி வலதுபக்கம் முடித்தான். ஒரு படம். திருப்தியில்லை என்றால் அழித்துவிட்டு இன்னொன்று. கணக்கில் ஒன்றுதான் நிற்க வேண்டும். சாமந்தியின் நடுவில் தலைகுப்புறக் கிடந்த தேனீ, காலில் மஞ்சள் மூட்டையோடு. செம்பருத்தியின் காம்பில் வரிசை கட்டிய எறும்புகள். ரோஜா இலையில் வட்டவட்டமாக எதுவோ வெட்டியெடுத்துப் போன ஓட்டைகள்.

"அழகா இருக்குங்க," என்றாள் மனைவி, தேனீயைப் பார்த்து.

"ஃபோகஸ் சரியா இருக்கு," என்றான் அவன்.

அவளுடைய அண்ணன் வாய்த்துடுக்கானவர். யாரையும் சிரிக்க வைக்காமல் விடமாட்டார். "மாப்ள, ஒரு கொசுவப் படம் பிடிச்சு அனுப்புங்க. என்னைத் தினம் கடிக்கறது எந்த மூஞ்சின்னு தெரிஞ்சுக்கணும்," என்று ஃபோனில் சொன்னார். மறுநாள் காலை ஏழு பதினொன்றுக்கு அவருக்கு ஒரு கொசுவின் படம் போய்ச் சேர்ந்தது. கால்மயிர்கூடத் தெரிகிற மாதிரி. அதோடு ஒரு வார்த்தையும் இல்லை. மச்சான் தங்கையைக் கூப்பிட்டு, "என்னம்மா, நிஜமாவே அனுப்பிட்டாரு," என்றார். அவர் குரலில் சிரிப்பு இல்லை.

நாலாம் மாதத்தில் எலுமிச்சை இலைமேல் பறவை எச்சம் போல ஒன்று கிடந்தது. படத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறதே என்று குச்சியால் தள்ளப் போனான். அது தலையைத் தூக்கிப் பார்த்தது. புழு. பத்து நாளில் அது பச்சையாகி, சுண்டுவிரல் பருமனாகி, பாதிச் செடியை மொட்டையடித்துவிட்டது. தினம் அதையே எடுத்தான். ஒரு காலையில் புழுவைக் காணோம். தண்டில் ஒரு கூட்டுப்புழு. அடிப்பக்கம் தண்டோடு ஒட்டியிருக்க, இடுப்பைச் சுற்றி ஒரே ஒரு நூல். அந்த நூலின் பலத்தில் அது பின்பக்கமாகச் சாய்ந்து நின்றது.

அந்தச் சாய்வு அவனுக்குத் தெரியும். லிஃப்டில் இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமென்றால் பாதுகாப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஆள் அப்படித்தான் சாய்வான்.

படத்தை எடுத்துவிட்டு உள்ளே போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். கைகள் யாரோ கழற்றி மடியில் வைத்துவிட்டுப் போனவை போலக் கிடந்தன. அழுகை வரும்போலிருக்கிறது என்று காத்திருந்தான். வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து பல் விளக்கினான். அதன் பிறகு எட்டு நாள் எலுமிச்சைப் பக்கமே போகாமல் ரோஜாவோடு முடித்துக்கொண்டான். ஒன்பதாம் நாள் போய்ப் பார்த்தபோது வெறுங்கூடுதான் இருந்தது. அதையும் எடுத்தான்.

வாத்தியாரின் மனைவி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில். முன்தகவல் எதுவும் இல்லை. கதவைத் திறந்தபோது கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்தபடி நின்றாள்.

"வாங்க அண்ணி."

"வீட்ல அவங்க இல்லையா?"

"டூட்டிக்குப் போயிருக்கா. சாயங்காலம்தான் வருவா."

"பரவால்ல. உங்களத்தான் பாக்க வந்தேன், தம்பி."

வீட்டுக்குள் உட்கார அவளுக்குப் பிடிக்கவில்லை போலிருந்தது. பின்பக்கம் கொடிக்கு அடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டான். டீ போட்டுக்கொண்டு வந்து கொடுத்தான். அவள் அதைத் தரையில் வைத்தாள்.

"எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. அன்னிக்குக் காலைல எங்களுக்குள்ள சண்டை. பொண்ணு காலேஜ் விஷயத்துல ஆரம்பிச்சு எங்கெங்கயோ போயிடுச்சு. 'நீங்க இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்'னு வாயை விட்டுட்டேன். ஒண்ணும் சாப்பிடாம கிளம்பிப் போனார்."

அவன் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"பெல்ட் மாட்டியிருந்தாராம். அப்புறம் தானாவே கழட்டினாராம். ஆபீஸ்ல சொன்னாங்க. அதைக் கேட்டதிலேர்ந்து என் நாத்தனார் என் மூஞ்சியப் பாக்கறதில்ல. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லல. ஆனா அவ என்ன நினைக்கறான்னு எனக்குத் தெரியும். நானும் அதையேதான் நினைச்சுக்கிட்டுப் படுக்கறேன், அதையேதான் நினைச்சுக்கிட்டு எழுந்திருக்கறேன்." மூச்சு விட்டாள். "அன்னிக்கு எடுத்த படம் உங்க ஃபோன்ல இருக்காமே. அதை நான் பாக்கணும்."

வேலை தொடங்குமுன் பெல்ட் மாட்டிய ஆளைப் படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அன்றும் எடுத்தான். அதற்குப் பிறகு அந்தப் படத்தை அவன் திறந்ததில்லை. ஃபோனை எடுத்து, கட்டைவிரலால் தள்ளத் தொடங்கினான். வெறுங்கூடு, ரோஜா, ரோஜா, புழு, தேனீ, பொறிவண்டு, கொசு, எறும்பு. நூற்றுப் பதினெட்டுப் படங்கள். விரல் வலித்தது. தினமும் ஒன்று மேலே வைத்து வைத்து அதை எவ்வளவு ஆழத்துக்குத் தள்ளியிருக்கிறோம் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

"இதெல்லாம் என்ன?" என்றாள்.

"டாக்டர் எடுக்கச் சொன்னாங்க."

கடைசியில் வந்தது. கூண்டின் கூரைமேல் வாத்தியார். பெல்ட்டின் கொக்கியை ஒரு கையில் உயர்த்திக் காட்டிக்கொண்டு, வாய் பாதி திறந்தபடி. அவள் ஃபோனை வாங்கிக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"ஏதோ சொல்லிக்கிட்டிருக்கார்."

"ஆமா. கொக்கி பூட்டறப்ப ரெண்டு சத்தம் கேக்கணும், ஒண்ணுதான் கேட்டா நம்பாதேன்னு. தினம் சொல்லுவார்."

"கோபமா இருந்தாரா?"

"இல்ல அண்ணி. கேன்டீன்ல ரெண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டுட்டுத்தான் மேல ஏறினார்."

அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா இருமலா என்று சொல்ல முடியாத சத்தம். "ரெண்டு தட்டு," என்றாள். பிறகு ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "அப்புறம் ஏன் கழட்டினார்?"

பார்க்கவில்லை என்ற சொல் அவன் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தான். ஆனால் வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது.

"நான் டார்ச் கேட்டேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"நான் மேல் மாடி வாசல்ல உக்காந்து கதவுல ஸ்க்ரூ முடுக்கிக்கிட்டிருந்தேன். என் டார்ச் அணைஞ்சுபோச்சு. 'அண்ணே, உங்க டார்ச்சக் குடுங்க'ன்னேன். எழுந்து போய் வேற எடுத்திருக்கலாம். சோம்பேறித்தனம். அவர் கை நீட்டினார், எட்டல. கொக்கியக் கழட்டிட்டு ஒரு எட்டு முன்னால வந்தார். கூரைமேல எண்ணெய் சிந்தியிருந்துது." நிறுத்தினான். அவன் குரல் பஸ் நேரம் சொல்கிற குரல் போலத்தான் இருந்தது. "டார்ச் என் கைக்கு வந்துடுச்சு. அவர் இல்ல."

கொடியில் காய்ந்த துவாலை ஒன்று ஆடியது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. வீட்லயும் சொல்லல."

"டார்ச் கேட்டதுக்கு நான் உங்கள ஒண்ணும் சொல்லமாட்டேன். யார் எதக் கேட்டாலும் ஓடிப்போய்க் குடுக்கறது அவர் புத்தி." அவள் ஃபோனை அவன் மடியில் வைத்தாள். "ஆனா அஞ்சு மாசம், தம்பி. அஞ்சு மாசமா நான்தான் கொன்னுட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன். நீங்க இங்க பூவப் படம் எடுத்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

அவள் எழுந்தாள். டீ ஆறிப்போய்க் கிடந்தது. வாசல்வரை போனவள் திரும்பாமலே சொன்னாள்: "அந்தப் படத்த எனக்கு அனுப்புங்க. அப்புறம் என் நாத்தனார்கிட்ட நீங்களே வந்து சொல்லணும். நான் சொன்னா நம்பமாட்டா."

"வரேன் அண்ணி."

போனான். அந்த வாரமே போய், அந்த நாத்தனார் முன்னால் நின்று, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். அந்த அம்மாள் அவனை உட்காரச் சொல்லவில்லை. கேட்டு முடித்ததும் எழுந்துபோய் வாத்தியாரின் மனைவி தோளில் கை வைத்தாள். இவன் இருக்கிறானா போய்விட்டானா என்று இருவரும் பார்க்கவில்லை. பிறகு ஆபீசுக்குப் போனான். சூப்பர்வைசர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"முடிஞ்சுபோன விஷயம்பா. இப்ப எதுக்குக் கிளறற?"

"நான் எழுதிக் குடுத்தது பொய் சார். வேற பேப்பர் குடுங்க."

மூன்று வாரம் கழித்து அறிக்கையில் ஒரு வரி மாறியது. காரணமின்றித் தானாகக் கழற்றினார் என்பது போய், சக ஊழியருக்குக் கருவி கொடுக்கையில் என்று வந்தது. வாத்தியாரின் மனைவி நேரில் போய் அதைப் படித்துவிட்டு வந்ததாகக் கேள்விப்பட்டான். அவனோடு அவள் மறுபடி பேசவில்லை. லிஃப்ட் ஏறி இறங்கும் ஷாஃப்டுக்குள் செய்கிற வேலையிலிருந்து அவனை எடுத்து, கதவுப் பூட்டுகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் போட்டார்கள். காலை ஒன்பதுக்குப் போய் மாலை ஐந்துக்கு வந்தான். உள்ளே மட்டும் எதுவும் அசைந்ததாகத் தெரியவில்லை. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்ன அன்றுகூட அழுதவள் அவள்தான்.

ஆறாம் மாதக் கடைசியில் ஒரு காலை, ஏழு பத்துக்குப் பின்பக்கம் போனவன் அப்படியே நின்றான். செம்பருத்தி முழங்கால் உயரத்துக்கு மொட்டையாக நின்றது. வெட்டிய கிளைகள் மூட்டையாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன.

"யார் வெட்டினது?"

"நான்தான்," என்றாள் மனைவி, உள்ளிருந்து. "பூரா மாவுப்பூச்சி. விட்டா ரோஜாவுக்கும் வந்துடும்."

"என்னக் கேக்க வேண்டாமா?"

"எதுக்குக் கேக்கணும்? செடி வெச்சது நான்."

"வெச்சது நீ. தினம் பாக்கறது நான். எந்தக் கிளைல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா? மூணாவது கிளைல கும்பிடுபூச்சி முட்ட வெச்சிருந்துது. அதுவே அந்த மாவுப்பூச்சியத் தின்னுருக்கும். அதையும் சேத்து மூட்ட கட்டிட்ட."

குரல் உயர்ந்துகொண்டே போனது. அவனுக்கே அது யாருடைய குரல் என்று ஆச்சரியமாக இருந்தது. அவள் கரண்டியோடு வெளியே வந்தாள். வந்தவள் சும்மா இருக்கவில்லை. ஆறு மாதமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை எல்லாம் எடுத்து வீசினாள். நனைந்த துவாலையைக் கட்டில்மேல் போடுவது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாதது, அவள் அண்ணனுக்குக் கொசு அனுப்பியது. அவனும் விடவில்லை. அவள் அண்ணனுடைய வாய், அவள் காலையில் பாத்திரத்தை உருட்டுகிற சத்தம், எலுமிச்சைக்குத் தண்ணீர் அதிகமாக ஊற்றுவது. மாடிவீட்டு ஜன்னல் ஒன்று மெதுவாகச் சாத்தப்பட்டது.

"எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு," என்று அவள் கடைசியாகச் சொன்னாள். முகம் சிவந்து, மூச்சு வாங்கியது. "சாயங்காலம் வந்து மிச்சத்தப் பேசிக்கறேன்."

"வா. நானும் இன்னும் முடிக்கல," என்றான் அவன்.

அவள் போன பிறகு மூட்டையை அவிழ்த்து, வெட்டிய கிளைகளை ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பித் தேடினான். முகம் சூடாக இருந்தது, காது கொதித்தது. பட்டறைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஃபோன் எங்கே வைத்தான் என்று நினைவில்லை, தேடவும் இல்லை. நாலாவது கிளையைத் திருப்பியபோது பசி வயிற்றைக் கிள்ளியது. ஒரு கையால் கிளையைப் பிடித்தபடியே, இரண்டு தட்டு சாப்பிடலாம் போலிருக்கிறது என்று நினைத்தான். நினைத்ததும் அது யாருடைய பசி என்று தெரிந்தது. செடிகளுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான்.