ரெஜினாவுக்கு ரிலீவர்

டெங்கு காய்ச்சல் மூளைக்கும் ஏறி, பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த என் கணவர் அருள்நாதனை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ரொம்ப நன்றிங்க. ரெஜினா எங்க போயிருக்கா?"

நான்தான் ரெஜினா.

"அபூர்வமா சிலருக்கு இப்படி ஆகும்மா. முகம் தெரியும், நம்ம ஆளுன்னு மனசுக்குத் தோணாது" என்றார் டாக்டர். எப்போது சரியாகும் என்று அவருக்கே தெரியவில்லை. கொல்லையில் தண்ணீர் டிரம்மை மூடாமல் விட்டவள் நான். யாரைத் திட்டுவது?

அவர் வேலை பார்க்கும் சுரங்கத்தில், அடுத்த ஷிப்டுக்கு மாற்றாள், அதாவது ரிலீவர், வந்து கையெழுத்துப் போடாமல் மிஷினை விட்டு யாரும் நகரக் கூடாது. இருபத்திரண்டு வருஷம் அப்படியே பழகியவர், என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்.

"அவ வர்ற வரைக்கும் நீங்க ரிலீவரா? பாவம், டபுள் ஷிப்ட் பாத்துகினு இருக்கீங்க."

என் புடவையையே நான் கட்டினால் முகம் சுளித்தார். படுக்கையை ஹாலுக்கு மாற்றிக்கொண்டார்.

ஒரு நாள் காய்கறிக் கடையிலிருந்து போன் செய்தேன். "ரெஜி! எங்கடி போய்ட்ட?" என்று அழுதார். முகம் பார்க்காமல் கேட்டால் குரல் தெரிந்திருக்கிறது! தக்காளிக் கூடை முன்னால் நானும் அழுதேன். அதன்பின் தினமும் சாயங்காலம் தெருமுனை வேப்பமரத்தடியில் நின்று அவரோடு பேசினேன். என் குடும்பம் நடந்ததே அந்தப் பத்து நிமிஷத்தில்தான். வீட்டுக்குள் போனால் மறுபடி கும்பிடுவார்.

நேற்று போனில் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பொம்பளைக்கு ஒன்ன மாதிரியே கழுத்துல மச்சம் இருக்கு, ரெஜி. பயமா இருக்கு. வந்துடு."

எனக்குப் பொறுக்கவில்லை. குரலையும் முகத்தையும் சேர்த்துக் காட்டினால் புரிந்துவிடும் என்று நினைத்தேன். பேசிக்கொண்டே நடந்தேன்.

"வந்துட்டேங்க. கேட்டைத் தொறக்கிறேன். ஜன்னலைப் பாருங்க, நான்தான்."

ஜன்னலுக்கு வந்தார். என் வாயையும் கையிலிருந்த போனையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் வெளிறியது. கதவுக்குத் தாழ் விழும் சத்தம் கேட்டது.

"ரிலீவர் கையெழுத்துப் போடாம அவ போவ மாட்டாளே" என்றார். ஜன்னலிலும் போனிலும் ஒரே நேரத்தில் அவர் குரல் கேட்டது. "அவ போனு, அவ குரலு, எல்லாம் ஒங்கிட்ட இருக்கு. என் ரெஜினாவ என்னடி பண்ண?"