ரூம் போட்டு வந்த அம்மா

அவ வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு சொன்னது சொன்னதுதான். என் பேச்சு மாறாது, எங்க வீட்டுக்காரரை வேணா கேட்டுப் பாருங்க. அலையாத்திக் காட்டைப் பத்திப் படிக்கிறேன்னு கடலோரம் போன பொண்ணு, அங்கேயே ஒரு படகுக்காரனைக் கட்டிக்கிட்டு, அப்புறமா போன்ல சேதி சொன்னா எந்த அம்மாவுக்குத்தான் வயிறு எரியாது? அன்னைக்கு வெச்ச போனை ரெண்டு பேருமே திரும்ப எடுக்கல. வீம்புல அவ அப்படியே என்னை உரிச்சு வெச்சவ.

ஆனா அவ முகத்தைப் பாக்காம எனக்கு ஒரு வாய் சோறு ஒழுங்கா எறங்கல. அப்பதான் எங்க வீட்டுக்காரர் ஒரு விஷயம் சொன்னார். அந்த ஊருக்குக் காட்டையும் பறவையையும் பாக்க ஜனம் வருதாம். வீட்டுக்கு வீடு ஒரு ரூம் கட்டி வாடகைக்கு விடறாங்களாம். நம்ம பொண்ணு வீட்லயும் ஒண்ணு இருக்காம். எனக்குப் பளிச்சுன்னு யோசனை வந்துச்சு. காசு கொடுத்துத் தங்கினா அது ஹோட்டல். ஹோட்டலுக்குப் போக மாட்டேன்னு நான் எப்ப சொன்னேன்?

"நீ மட்டும் வக்கீலுக்குப் படிச்சிருந்தா ஊரே தாங்காதுடி"ன்னார். அவர் பேர்லயே ரூம் போட்டோம்.

ஊருக்குள்ள நுழையற எடத்துலயே, ரூம் போட்டு வர்றவங்களுக்கு வீடு ஒதுக்கிக் கொடுக்கற ஆபீஸ். ஒரு மேஜை, நாலு நாற்காலி, கடகடன்னு ஆடற ஃபேன். ஆபீஸ்காரம்மா முதல்ல எங்க பையைத்தான் பிரிச்சாங்க. பிளாஸ்டிக் உள்ள போகக் கூடாதாம். நான் பாத்துப் பாத்துக் கட்டிக்கிட்டு வந்த பலகாரம், பொடி எல்லாத்தையும் கவர்லேர்ந்து எடுத்து டப்பாவுல கொட்டினாங்க. டப்பா மேல டப்பாவா ஏறிக்கிட்டே போச்சு.

"ரெண்டு நாளைக்கு இவ்ளோவும் சாப்பிடுவீங்களா?"

"எனக்குக் கொஞ்சம் பசி ஜாஸ்தி"ன்னேன். பக்கத்துல இவருக்குத் திடீர்னு இருமல்.

"சரி, உங்களுக்கு வலை பின்றவர் வீடு."

"ஐயோ, நாங்க கேட்டது படகுக்காரர் வீடாச்சே!"

"கேட்டு வாங்க முடியாதும்மா. இங்க எல்லாம் வரிசைதான். ஒரு வீட்டுக்கு ஒரு தடவை ஆள் அனுப்பினா, அடுத்தது பக்கத்து வீடு. இல்லாட்டி வாய்ச் சாமர்த்தியம் உள்ளவங்க வீட்லயே கூட்டம் சேரும், மத்தவங்க வேடிக்கை பாத்துக்கிட்டு உக்காரணும்."

"அப்ப படகுக்காரர் வீட்டு வரிசை எப்ப வரும்?"

"இன்னைக்குத்தான் வந்துச்சு. ஆனா அந்தப் பொண்ணு காலைல வந்து, யார் வர்றாங்கன்னு கேட்டுட்டு, எங்க வீட்டுக்கு வேணாம், அடுத்த வீட்டுக்கு அனுப்பிடுங்கன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு."

எனக்குப் பொசுக்குன்னு ஆயிடுச்சு. பேரைக் கேட்ட அப்புறமா வேணாம்னிருக்கா! "பாத்தீங்களா உங்க அருமைப் பொண்ணை?"ன்னு இவர் மேல பாஞ்சேன். "கெளம்புங்க, அடுத்த பஸ்ஸைப் பிடிப்போம்." சொன்னேனே தவிர கால் நகரல.

"அவ வீட்ல தங்க வேற வழியே இல்லையா?"ன்னு ஆபீஸ்காரம்மாகிட்ட மெல்லக் கேட்டேன்.

"விருந்தாளிக்கு இல்ல. சொந்தக்காரங்கன்னா வரிசையும் கிடையாது, வாடகையும் கிடையாது. அது அவங்க வீட்டு விஷயம், நேரா போயிட வேண்டியதுதான்." ஒண்ணும் தெரியாத மாதிரி டப்பாவை மூடிக்கிட்டே கேட்டாங்க: "நீங்க அவங்களுக்குச் சொந்தமா?"

இவர் என் முகத்தையே பாத்தார். ஆமான்னா வீம்பு போச்சு. இல்லைன்னா பொண்ணு போச்சு.

"நான் அவளைப் பெத்தவ"ன்னேன்.

"அப்புறம் இங்க என்ன பண்றீங்க?"ன்னாங்க ஆபீஸ்காரம்மா.

சேத்து வாசனை அடிக்கிற சந்துல வேகமா நடந்தோம். வாசல்ல படகுக்கு வர்ணம் அடிச்சுக்கிட்டு இருந்த மாப்பிள்ளை, கையை வேட்டியிலயே தொடைச்சுக்கிட்டு, "வாங்கத்தை, வாங்க மாமா"ன்னார். ஆள் பரவாயில்ல, மரியாதை தெரிஞ்ச பிள்ளைதான். உள்ளேர்ந்து அவ வந்தா. இளைச்சிருந்தா. என்னைப் பாத்ததும் மூக்கு செவந்து போச்சு.

"எதுக்குடி என்னை வேற வீட்டுக்குத் தள்ளி விட்ட?" கோவமாத்தான் ஆரம்பிச்சேன், பாழாப்போன அழுகையும் சேந்து வந்துடுச்சு.

"ரூம் எடுத்து வர்றவங்க எல்லாரும் ரெண்டு நாள் தங்கி, எல்லாம் நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டுக் கெளம்பிடறாங்கம்மா. நீயும் அப்படிச் சொல்லிட்டுக் கெளம்பிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"நான் எங்கயும் போகலடி"ன்னு அவளைக் கட்டிக்கிட்டேன்.