நிரப்பிய பெட்டிகள்

அவர்கள் எழுதித் தந்தது பொய்தானே. பொய்யைப் பொய் என்று எழுதுவதில் என்ன பிழை இருக்கிறது?

காரை நிறுத்திய பிறகும் இறங்காமல் சிவாஜினி இதையே தன்னிடம் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிழை ஒன்றும் இல்லை என்ற பதிலும் அவளிடமே இருந்தது. ஆனாலும் கேள்வி நிற்கவில்லை.

பக்கத்து இருக்கையில் அறிக்கைத் தாள் கிடந்தது. அவள் வேலை செய்யும் சுகாதார நிலையத்தின் நோயாளி யாருக்காவது அசம்பாவிதம் நடந்தால் நிரப்ப வேண்டிய தாள். ஐந்து பகுதிகளில் நான்கைக் காலையிலேயே எழுதி முடித்துவிட்டாள். ஐந்தாவது, காரணம். அதில் எழுத வேண்டிய வரியை மேலாளர் ஜெகதீஷ் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார்: நோயாளி தன் உணவு பற்றித் தவறான தகவல் அளித்தார். மூன்று மணிக்குள் கையெழுத்தோடு வேண்டும்.

நோயாளியின் பெயர் தேவராஜா. அறுபத்தாறு வயது. பரமட்டாவில் ஓர் அலுவலகக் கட்டடத்தைத் துப்புரவு செய்யும் வேலை. பத்து வருடமாக நீரிழிவு, இடது பாதத்தில் ஆறாத புண். சிட்னியின் மேற்குப் பக்கத்துத் தமிழர்களுக்காகச் சிவாஜினி நடத்தும் உணவுத் திட்டத்தில் அவர் சேர்ந்து ஐந்து மாதமாகிறது. திட்டத்தில் இருப்பவர்களுக்குத்தான் நிலையத்துத் தாதி கிழமைக்கு இரண்டு தரம் புண்ணுக்கு மருந்து கட்டுவாள். தவறான தகவல் தருபவர்களை நீக்கலாம் என்று ஒரு விதி இருந்தது. அந்த ஒற்றை வரி அறிக்கையில் ஏறினால் அவரை நீக்காமல் விடமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

புதன்தோறும் தேவராஜா வீட்டிலிருந்து உணவுத் தாள் கைபேசியில் படமாக வரும். முடிந்துபோன ஏழு நாள், நாளுக்கு மூன்று பெட்டி. இருபத்தொன்றும் நிரம்பியிருக்கும். ஓட்ஸ், ஒரு கோப்பை சிவப்பரிசிச் சோறு, கீரை, பருப்பு, இரவுக்குக் குரக்கன் ரொட்டி. ஆனாலும் இரத்தத்தில் சீனி குறையவில்லை. 'வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார், உணவில் குறையில்லை' என்று சிவாஜினி அவருடைய டொக்டருக்குக் கடிதம் எழுதினாள். டொக்டர் சீனியைக் குறைக்கும் குளிசையின் அளவைக் கூட்டினார். அடுத்த மாதம் கந்தசட்டி வந்தது. தேவராஜா விரதம் பிடித்தார். பகல் முழுவதும் தண்ணீர், பின்னேரம் ஒரு தரம் பாலும் பழமும். குளிசையை மட்டும் ஒருநாளும் விடவில்லை. ஐந்தாம் நாள் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போனவர், காரைவிட்டு இறங்கிப் பத்தடி நடப்பதற்குள் சீனி இறங்கி மயங்கி விழுந்தார். மணிக்கட்டு உடைந்தது. நெற்றியில் எட்டுத் தையல். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று தொடங்கிய அம்புலன்ஸ்காரர் மிச்சத்தைச் சொல்லவில்லையாம்.

விரதத்தின் மூன்றாம் நாளும் உணவுத் தாள் வந்திருந்தது. விரதம் தொடங்கிய இரண்டு நாளின் பெட்டிகளும் நிரம்பித்தான் இருந்தன. சிவாஜினி அதற்குப் பச்சை அடையாளம் போட்டு, 'அருமை அங்கிள்' என்று பதில் அனுப்பியிருந்தாள்.

தேவராஜா வீட்டு அழைப்பு மணியை அழுத்துமுன் அந்த 'அருமை'யைக் கைபேசியில் இன்னொரு தரம் பார்த்தாள்.

கதவைத் திறந்தது தேவராஜாவின் மனைவி சத்தியபாமா. "வாங்கோ பிள்ளை" என்றவளின் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை. உள்ளே கதிரையில் தேவராஜா மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணையில் வைத்தபடி இருந்தார். நெற்றித் தையலுக்கு மேலே இடம் பார்த்து, விபூதியை ஒற்றைக் கோடாகப் பூசியிருந்தார்.

"எப்பிடி இருக்கிறியள் அங்கிள்?"

"எனக்கென்ன? முருகன் சூரனை வெட்ட வேலோடை வந்தவர், ஆள் மாறி என்னை விழுத்திப்போட்டார்."

"பகிடிக்குக் குறைச்சலில்லை" என்றாள் சத்தியபாமா. "உயிர் போய்த் திரும்பியிருக்கு. ஆளுக்குப் பகிடி."

சிவாஜினி அறிக்கையைப் பைக்குள்ளிருந்து எடுக்கவில்லை. அந்த வரியைப் பற்றி மட்டும் சொன்னாள். அது ஏறினால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். தேவராஜா தன் பாதத்தைப் பார்த்தார்.

"அப்ப மருந்து கட்டுற பிள்ளையும் இல்லையோ?"

"அதுதான் கதைக்க வந்தனான் அங்கிள். அந்தத் தாள்... ஆர் எழுதினது?"

"நான்" என்றாள் சத்தியபாமா உடனே. "அவர் பேனையே தொடேல்லை. புதன்கிழமை ஒரு தாளை அனுப்பின கையோடை, வாற கிழமைக்கு முழுக்க எழுதிவைச்சிடுவன்."

"சாப்பிட முதலேயோ?"

"பின்னை? நீங்கள் எப்பிடிச் சாப்பிடச் சொன்னனீங்களோ அப்பிடித்தானே எழுதவேணும்."

சத்தியபாமா விடவில்லை. "தாள் தந்த அடுத்த வகுப்பிலை, எங்களோடை திட்டத்திலை சேந்த சந்திரகலா வெறும் தாளோடை வந்தவ. நீங்கள் அதைத் தூக்கிக் காட்டி, வெறும் பெட்டி இருந்தா எனக்கு ஒண்டும் விளங்காது, தயவுசெய்து ஒருத்தரும் வெறுமையா விடாதேங்கோ எண்டு சொன்னனீங்கள். எல்லாரும் சிரிச்சவை. பாவம், அவ பிறகு வரவேயில்லை. விரதநாளிலை பெட்டியை வெறுமையா விட்டா நீங்கள் எங்களையும் அப்பிடித் தூக்கிக் காட்டுவியள் எண்டு..."

வாக்கியத்தை முடிக்காமல் அவள் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள்.

சிவாஜினிக்கு அந்த நாள் நினைவிருந்தது. நகைச்சுவையாகத்தான் சொன்னாள். அறை கலகலத்தது. அன்று வீட்டுக்குப் போகும்போது, வகுப்பு நன்றாகப் போனது என்று திருப்தியாக இருந்தது. சந்திரகலா வராமல் போனதை ஒரு வேலைநாளின் சிறு குறையாகக் குறித்துவைத்துவிட்டு மறந்துபோனாள்.

"அங்கிள், உண்மையிலை என்ன சாப்பிடுறனீங்கள்?"

ஐந்து மாதத்தில் அவள் இதை அவரிடம் வாய்விட்டுக் கேட்டது இதுவே முதல் தடவை. அவரும் அதைக் கவனித்தவர்போல நிமிர்ந்தார்.

"வெள்ளன நாலு மணிக்கு வேலைக்குப் போறனான். அந்த நேரம் ஒரு வெறுந்தேத்தண்ணி. பத்து மணிக்கு வந்து பாணும் சம்பலும். மத்தியானம் நித்திரை. பின்னேரம் புட்டு. வாழைப்பழம் இல்லாமல் எனக்குப் புட்டு இறங்காது பிள்ளை, பொய் சொல்லேல்லை. சிவப்பரிசி வயித்தை ஊதப்பண்ணும்."

"ஓட்ஸ்?"

குசினிக்குள்ளிருந்து பதில் வந்தது. "ஓட்ஸை அரைச்சு முறுக்குக்குள்ளை போட்டனான். நல்லா வந்தது. கொண்டு வாறன், பாருங்கோ."

தட்டு வந்தது. தேத்தண்ணியும் வந்தது. சிவாஜினி ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தாள். உண்மையிலேயே நன்றாக இருந்தது. அப்படி நன்றாக இருந்ததே அவளை அதிகமாக வருத்தியது. அவள் கேட்டிருந்தால் இந்த வீட்டில் ஏதாவது வழி இருந்திருக்கும். புட்டைக் குறைத்துக் கறியைக் கூட்டியிருக்கலாம், வாழைப்பழத்தைப் பாதியாக்கியிருக்கலாம், விரத நாளுக்குக் குளிசையைக் குறைக்கச் சொல்லி டொக்டருக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். அவள் கொண்டுவந்ததோ, பாதித் தட்டு மரக்கறி, கால் தட்டு சோறு என்று கோடு போட்ட ஒரு படம். நாலு மணிக்கு வேலைக்குப் போகிறவரின் நாளில் அந்தத் தட்டை எங்கே வைப்பது என்று அவள் யோசிக்கவில்லை.

அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. கந்தசட்டி என்று அவளுக்குத் தெரியாமலா இருந்தது? வேலை முடிந்து போகும் வழியில், கடையில் எண்ணெயில் பொரித்த இரண்டு ரோல்ஸ் வாங்கிக் காரிலேயே இருந்து தின்றுவிட்டு வீட்டுக்குப் போவது அவளுடைய ஒவ்வொரு நாள் பழக்கம். அந்தக் கிழமை மட்டும், கந்தசட்டி என்பதற்காக, ஆட்டிறைச்சி ரோல்ஸை விட்டு மரக்கறி ரோல்ஸ் வாங்கினாள். மடியில் ரோல்ஸ் கடதாசியோடு, கைபேசியில் தேவராஜாவின் தாளைத் திறந்து பச்சை அடையாளம் போட்டாள். விபூதி பூசாமல் ஒருநாளும் கண்டிராத மனிதர், சட்டி நாளில் மூன்று வேளையும் சாப்பிட்டிருக்கிறார் என்று நம்பினாள். நம்பினாளா, நம்புவது வசதியாக இருந்ததா?

"அன்ரி" என்றாள். குரல் அவளை மீறி வந்தது. "இந்தத் தாளைச் செய்து முடிச்ச உடனை நானும் ஒரு கிழமை நிரப்பிப் பாத்தனான். ரெண்டாம் நாளே பொய் எழுதினனான். ரெண்டு ரோல்ஸ் சாப்பிட்டிட்டு, ஒரு அப்பிள் எண்டு."

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தாள் போலும். தேவராஜா சிரிக்கத்தான் வாயெடுத்தார். மனைவியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"பிறகேன் பிள்ளை அதை எங்களிட்டைத் தந்தனீங்கள்?"

சத்தியபாமாவின் கேள்வியில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சிவாஜினி தேத்தண்ணிக் கோப்பையின் விளிம்பைப் பார்த்தபடி இருந்தாள். தனக்கு முடியாததை மற்றவர்கள் செய்துகாட்டினால் தன் படிப்பு வீணில்லை என்றாகும். அதற்காகவா? அது கூட முழு உண்மை இல்லை என்று பட்டது.

விடைபெறும்போது சத்தியபாமா வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்தினாள். "பிள்ளை, ஆரையாவது எழுதத்தான் வேணுமெண்டா என்ர பேரை எழுதுங்கோ. மனிசிதான் பொய் எழுதினவ, அவருக்கு ஒண்டும் தெரியாது எண்டு. அவரை விட்டிடச் சொல்லுங்கோ. அந்தக் கால் அழுகினா..." உள்ளே, கதிரைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கும் பிரச்சினை வரக்கூடாது."

"போட்டு வாறன் அன்ரி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிவாஜினி காருக்கு வந்தாள். உள்ளே இருந்தபடியே அறிக்கையை எடுத்து, ஸ்டியரிங்கில் வைத்து ஐந்தாம் பகுதியை எழுதினாள். நான்கு வரி வந்தது. வாசித்துப் பார்க்காமல் மடித்தாள்.

ஜெகதீஷ் மதுரைக்காரர். கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நிலையத்துக்குத் திரும்பியதும் அவள் நீட்டிய தாளை நின்றபடியே வாசித்தவர், கடைசிப் பகுதிக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க இது? 'நோயாளி என்ன சாப்பிடுகிறார் என்று நான் கேட்கவில்லை. விரத நாட்கள் என்று தெரிந்தும் விசாரிக்கவில்லை. தாளை வெறுமையாக விடக்கூடாது என்று சொன்னது நான். அதை நம்பிக் கடிதம் எழுதியதும் நான்.' இப்படி யாராச்சும் எழுதுவாங்களா?"

"நடந்தது அதுதானே."

"அவங்க பொய்யா எழுதலையா?"

"எழுதினவை."

"அப்புறம்? நான் அனுப்பின வரியில என்ன தப்பு? எங்க அம்மாவும் சஷ்டி இருக்கறவங்கதான், எனக்குப் புரியாம இல்ல. ஆனா இந்தத் தாள் மேல போனா உங்க வேலைக்கே கேள்வி வரும். உங்களைக் காப்பாத்தத்தான் சொல்றேன், சிவாஜினி."

"தெரியும்."

உண்மையிலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது. தாள் தேவராஜாவின் பெயரில்தான் வந்தது; ஜெகதீஷ் அனுப்பிய வரியைப் பொய் என்று சொல்ல முடியாது. அதனால்தான் அது அவ்வளவு சுலபமாகத் தேவராஜாவின் தலையில் ஏறிக் குந்தும்.

ஜெகதீஷ் புதிய தாள் ஒன்றைத் தட்டச்சு செய்து அச்சிட்டு எடுத்துவந்தார். முதல் நான்கு பகுதிகளும் அப்படியே இருந்தன. ஐந்தாவதில் அவருடைய வரி. கீழே கையெழுத்துக்கு இடம். பேனாவின் மூடியைக்கூட அவரே கழற்றி, அவள் பக்கம் நீட்டினார்.

"ஒரு கையெழுத்துதான். பழசை நான் கிழிச்சுப் போட்டுடறேன். யாருக்கும் தெரியாது."

"வேண்டாம், ஜெகதீஷ்" என்றாள் சிவாஜினி. மிகவும் மெதுவாகத்தான் சொன்னாள். "நான் இதிலை கையெழுத்து வைக்கமாட்டன்."