ஹாலில் எழுந்த பலகைச் சுவர்

வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னதும் முதலில் தலையாட்டியவன் நான்தான். போனில் புகார் கேட்கிற வேலை. எவ்வளவு திட்டினாலும் "மன்னிக்கணும் சார்" என்று குழைய வேண்டும். எனக்கோ கோபம் மூக்குக்கு மேல் வரும்.

மகளுக்கு ஏழு வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. மூன்று வருடம் பயிற்சிக்குப் போய் இப்போதுதான் குரலெடுத்து என்னைக் கூப்பிடக் கற்றிருந்தாள். சத்தத்தின் அளவு அவளுக்குத் தெரியாது. கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். அந்தக் குரல் இரண்டு முறை என் போனில் பதிவாகிவிட்டது. இன்னொரு முறை கேட்டால் வேலை இல்லை என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஹாலில் ஜன்னல் பக்கத்துப் பாதியைத் தடுத்து அறையாக்கினேன். இரட்டைப் பலகை, நடுவில் பஞ்சு, கதவிடுக்கில் ரப்பர் பட்டை. மேசையை ஜன்னலை ஒட்டிப் போட்டேன்.

"நடுவுல ஒரு கண்ணாடி வச்சிரலாம் சார். பாப்பா உங்களப் பாத்துக்கிட்டாவது இருக்கும்," என்றார் தச்சர்.

"சுவரு போடச் சொன்னா சுவரப் போடுங்க."

"அவளுக்குக் காதுதான் கேக்காது. கண்ணையும் கட்டிராதீங்க," என்றாள் மனைவி. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் நாள் காலை, எதற்கு இந்தச் சுவர் என்று மகள் சைகையில் கேட்டாள். வேலைக்கு நேரமாகிவிட்டது. அவள் வாயைக் காட்டினேன், போனைக் காட்டினேன், இனி எனக்குச் சோறு கிடையாது என்பதுபோல் கையை விரித்தேன். கதவைச் சாத்திக்கொண்டேன்.

பத்து நாள் ஒரு சத்தம் இல்லை. மேலாளரே பாராட்டினார். செய்த செலவு வீண்போகவில்லை என்று பூரித்துப் போனேன், மடையன்.

பதினோராம் நாள் அவள் பயிற்சி வகுப்பு டீச்சர் போனில் கூப்பிட்டார். "வீட்ல ஏதாவது சொன்னீங்களா? பத்து நாளா பாப்பா வகுப்புல வாயே தொறக்கல."

அத்தனை நாளும் அந்தச் சுவர் எதையும் தடுக்கவில்லை. தடுப்பதற்கு ஒன்றும் வரவேயில்லை.

மறுநாளே தச்சரை வரவழைத்து, பலகையை அறுத்துக் கண்ணாடி வைக்கச் சொன்னேன். அவர் போனதும் மகளை அறைக்குள் தூக்கி வந்து மேசைமேல் உட்கார வைத்தேன். அவள் உள்ளங்கையை என் தொண்டைமேல் வைத்து, அதிர்வு தெரியட்டும் என்று அவளை உரக்கக் கூப்பிட்டேன்.

அவள் பதறிப்போய் என் வாயைப் பொத்தினாள். பயந்த கண்களோடு பக்கத்தில் கிடந்த போனைப் பார்த்தாள்.