மழை குடித்த பதில்

அநியாயம் இழைக்கப்பட்டவள் நான். இழைத்தது மழை. ஆய்வுப் படிப்புக்கான இணையவழி நேர்காணலில் நான் சொன்ன பதிலை, எங்கள் கூரை டிஷ்ஷுக்கும் செயற்கைக்கோளுக்கும் நடுவில் வைத்து அது குடித்துவிட்டது.

பலத்த மழையில் உயர் அதிர்வெண் சமிக்ஞைகள் ஏன் நலிகின்றன என்பதுதான் கேள்வி. வாயைத் திறந்தபடி உறைந்த என் படத்தைப் பார்த்து, விஜிலாவுக்குப் பதில் தெரியவில்லை என்று பேராசிரியர் முடிவு செய்தார்.

எங்கள் குலசேகரத்தில் மழை குடித்த பேச்சு மழைநீரோடுதான் இறங்கும். வானொலிப் பாட்டின் நீண்ட அலைகள் துளிகளைத் தாண்டிப் போய்விடும். அதனால் பாட்டு எந்தப் பாத்திரத்திலும் விழுந்ததில்லை. குறுகிய அலையில் போகிற பேச்சுதான் அகப்படும். முற்றத்தில் பாத்திரம் வைத்தவர்கள் ஒரு சொட்டு ருசி பார்த்து, அடுத்தவர் பேச்சு என்றால் அடுப்பில் ஏற்றாமல் மூடிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். அது ஊர் மரியாதை.

என் பதில் விழுந்தது பக்கத்து வீட்டு கிளாரி அக்காவின் பாத்திரத்தில். அக்கா ருசி பார்த்தார். பிறகு ரசம் வைத்தார்.

"காரமா இருந்துது பிள்ளே. எனக்க நாத்தனாரு மஸ்கட்டுல இருந்து பேசினதாக்கும்ணு நெனச்சேன்."

ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டவர் அவர் கணவர் வில்சன் அண்ணன். அன்றிலிருந்து ஜீப் ஓட்டும்போதுகூட என் குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்: "அலை குறுகக் குறுக, துளி அதற்கு ஒரு பொருட்டாகிவிடுகிறது, ஐயா. துளி கொஞ்சத்தை உறிஞ்சும், மிச்சத்தைச் சிதறடிக்கும்."

"அது என் பதில் அண்ணா. திருப்பித் தாங்க."

"வயித்துல போனத எப்பிடித் தர? வேணும்னா ஆளையே கொண்டு போ," என்றார், என் குரலிலேயே.

நானே மறுபடி சொல்லலாம் என்றால், என்னிடம் அது இல்லை. குடித்தவரிடம் போய்விட்டது. ஆய்வுப் படிப்பில் இருந்ததோ ஒரே இடம். பேராசிரியரைத் தொலைபேசியில் அழைத்து வாதாடினேன்: பதில் தெரியாமல் இருப்பது வேறு; தெரிந்து சொன்ன பதில் இன்னொருவர் வயிற்றில் இருப்பது வேறு. நியாயம்தான், அவரைத் திரைமுன் அழைத்து வாருங்கள் என்றார்.

வெயிலடித்த ஒரு காலையில் வில்சன் அண்ணனைத் திரைமுன் உட்காரவைத்தேன். பிசகாமல் சொன்னார். நடுவில் வந்த ஏப்பம் மட்டும் அவருடையது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முடிவைச் சொல்ல வாயைத் திறந்தார். மழை பிடித்துக்கொண்டது. அவரும் திறந்த வாயோடு உறைந்தார்.

மழை விட்டதும் கிளாரி அக்கா மூடிய பாத்திரத்தோடு வந்தார்.

"எனக்க நாத்தனாரு இவ்வளவு மரியாதையா பேசமாட்டா. இது உனக்குள்ளதாக்கும். குடி."

குடித்தேன். பிறகு, கண்ணாடியே போடாத என் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, பேராசிரியரின் கட்டைக் குரலில் சொன்னேன்:

"இடம் உங்களுக்குத்தான், விஜிலா. திங்கட்கிழமை வந்து சேருங்கள். அண்ணனையும் அழைத்து வாருங்கள். பதில் அவரிடம்தானே இருக்கிறது."